உன் பெட்டியில் நான் போட்ட உப்பு

என் பிலோ,

உன் சவரி அண்ணன் எழுதுகிறேன். நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. காசிமேட்டில் ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவளுக்குக் கடிதம் எதற்கு? சொல்ல ஏதாவது இருந்தால் என் வாசலில் நின்று கத்துவேன். நீ உன் வாசலிலிருந்து திருப்பிக் கத்துவாய். நடுவில் இருக்கிற மூன்று வீடும் நியாயம் சொல்லும். இதையும் தெரு கேட்க வேண்டும். அதனால்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில், காய்ச்சல்காரர்களிடம் நீ எடுத்த ரத்தம் பரிசோதனைக்கூடம் போய்ச் சேர்வதற்குள் கெட்டுப்போனது. உன் கவனக்குறைவு என்று ஆபீஸ் எழுதியது. தெரு அதையே பேசியது. நீயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். அது உன் தப்பு இல்லை. பெட்டியைத் திறந்தவன் நான். திறந்தாயா என்று நீ கேட்டபோது இல்லை என்று சொன்னவனும் நான்தான்.

இந்த நாலு வரியை எழுத எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அதில் கடைசி எட்டு மாதம் நீ இல்லை.

இதைப் படிக்கிற வெளியாட்களுக்கு நம்மைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து தலை நரைக்கிறவரை அங்கேயே இருந்தேன். நீ என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள். அம்மா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தவன் நான். அதைச் சொல்லிக்காட்டாத நாள் இருந்ததா? உனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நீ முடிவு செய்தபோதுகூட, "படிக்க வச்சது என் தப்பு" என்று சொன்னவன்தானே நான்.

நீ ரத்தப் பரிசோதனைப் படிப்புக்குச் சேர்ந்ததும் உன் புத்தகங்களை முதலில் நான்தான் பிரிப்பேன். மடியில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் உட்காருவேன். "இன்னா அண்ணாத்தே, பரீட்ச உனக்கா எனக்கா?" என்று நீ கேலி செய்வாய். வைரஸுக்குத் தனியாக உயிர்வாழத் தெரியாது, இன்னொரு உயிருக்குள் புகுந்தால்தான் பெருகும் என்று படித்த அன்று, கம்பெனியில் அத்தனை பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு அப்படித்தான் வளர்ந்தது.

இப்போது இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ இருந்த சுகாதார நிலையத்தில் உன் இடத்துக்கு நித்யா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். தெருத்தெருவாகப் போய்க் காய்ச்சல் வந்த வீட்டை போனிலேயே புள்ளி வைத்துக்கொள்கிறாள். நீ பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தெருவை வரைந்து சிவப்புப் பேனாவால் புள்ளி வைப்பாயே, அதே வேலைதான். இன்னொன்று கேட்டால் சிரிப்பாய். கழிவுநீர் இறைக்கும் நிலையத்திலிருந்து சாக்கடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போய் அதில் வைரஸ் தேடுகிறார்களாம். ஆஸ்பத்திரிக்கு யாரும் போவதற்கு முன்னாலேயே, ஊருக்குள் என்ன நுழைந்திருக்கிறது என்று சில சமயம் அதில் தெரிந்துவிடுமாம். பதினோரு வருஷமாக நான் மனு கொடுத்தும் அள்ளாத சாக்கடையை இப்போது மூடி போட்டு, பெயர் ஒட்டி, பத்திரமாக எடுத்துப் போகிறார்கள். மனுவை மட்டும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த மழைக்காலத்துக்கு வருகிறேன்.

தெருவில் தண்ணீர் வடிந்து பத்து நாள் இருக்கும். காய்ச்சல் ஆரம்பித்தது. முதலில் வலைக்கூடத்துப் பக்கம், பிறகு நம் தெரு. உடம்பு முழுக்க வலி, கண்ணுக்குப் பின்னால் குத்தல். எலிக்காய்ச்சல் என்றார்கள் சிலர், டைபாய்டு என்றார்கள் சிலர். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்ததுதான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். மனுவும் எழுதிவிட்டேன். நான் சொன்னதை நம்பி கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து தண்ணீரில் மருந்து கலந்தார்கள். நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ சொல்றதால ஆயிடாது அண்ணாத்தே. ரத்தம் சொல்லணும்" என்றாய்.

ரத்தம் சொல்வதற்கும் நேரம் காலம் உண்டு என்று நீதான் விளக்கினாய். காய்ச்சல் வந்த முதல் நாலைந்து நாளில் வைரஸின் துணுக்கே ரத்தத்தில் அகப்படும். அதற்குப் பிறகு அது குறைந்துவிடும். அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கியதைத்தான் தேட வேண்டும், அதுவும் தெளிவாகத் தெரியச் சில நாள் பிடிக்கும். நம் ஆட்களோ லாஞ்சில் ஏறினால் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். அங்கேயே காய்ச்சல் கண்டு, ஆறாம் நாளோ ஏழாம் நாளோ கரைக்கு வந்து விழுவார்கள். தனியார் கிளினிக்கில் செய்த சோதனை ஒன்றிலும் எதுவும் தெரியாமல் போனது அதனால்தான் என்று நினைத்தாய். கரையில் இருக்கும்போதே காய்ச்சல் கண்டவர்களின் ரத்தம் உடனே வேண்டும் என்று ஓடினாய்.

ஜனம் சுலபத்தில் கை நீட்டவில்லை. அதில் என் பங்கும் உண்டு. அதற்கு முன்பு ஒரு முகாமில் ரத்தம் எடுத்துப் போனவர்கள் முடிவைச் சொல்லவே இல்லை. "ரத்தம் குடுத்தவனுக்குப் பதில் சொல்லாதவனுக்கு ரத்தம் எதுக்கு?" என்று நான் பேசிய பேச்சு தெருவில் நின்றுவிட்டது. அந்தப் பேச்சை இன்றைக்கும் நான் வாபஸ் வாங்கவில்லை. நீ வீடு வீடாக ஏறி, "முடிவ நானே கொண்டாந்து உங்க கையில குடுப்பேன்" என்று வாக்குக் கொடுத்தாய். அந்த வாக்குக்காகத்தான் கொடுத்தார்கள். முதலில் கை நீட்டியவன் ராபின். மீன் விற்கும் ஆரோக்கியத்தின் மகன், லாஞ்சில் வலை இழுப்பவன். மறுநாள் கடலுக்குப் போக வேண்டியவன், காய்ச்சலால் கரையில் நின்றுவிட்டான். "அக்கா, ஊசி எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொல்லு, அப்ப குத்து" என்றானாம். அன்றைக்குச் சோற்றுக்கு முன்னால் உன் அண்ணியிடம் இதைச் சொல்லிச் சிரித்தாயே.

சுகாதார நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்ததால் நீ நேராக என் வீட்டுக்கு வந்தாய். ஜீப் மூன்று மணிக்குத் தெருமுனைக்கு வரும் என்றாய். ரத்தக் குழாய்கள் இருந்த நீலப் பெட்டியை என் கட்டில் மேல் வைத்துவிட்டு, "யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிக் கை கழுவிச் சாப்பிட அடுப்படிக்குப் போனாய்.

யாரும் என்றால் அது எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டிலில் உட்கார இடம் வேண்டுமென்று பெட்டியைச் சற்று நகர்த்தினேன். உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது. மூடியைத் திறந்தேன். சுற்றிலும் செருகியிருந்த ஐஸ் பேக்குகள் நாலும் வேர்த்திருந்தன. ஒன்றை ஆட்டினேன், உள்ளே தண்ணீர் ஆடியது. வேர்த்த ஐஸ் செத்த ஐஸ், பிலோ. எங்கள் தொழிலில் அப்படித்தான். வேர்த்த ஐஸை எந்த லாஞ்சுக்காரனும் ஏற்ற மாட்டான். இத்தனை படித்த பெண்ணுக்கு ஐஸ் உருகுவது தெரியவில்லையே, காலையிலிருந்து அலைந்த களைப்பில் கவனிக்காமல் விட்டிருப்பாள் என்று நினைத்தேன். உன்னைக் கேட்டிருக்கலாம். அடுப்படி எட்டு அடி தூரம். கேட்டால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், சோறு ஆறிவிடும். ஐஸ் விஷயத்தில் நான் போய் உன்னைக் கேட்பதா என்ற திமிரும் இருந்தது.

உன் அண்ணியின் மீன் கூடைக்காக வாசலில் நொறுக்கின ஐஸ் ஒரு சாக்கு இருந்தது. அள்ளிக் கொட்டினேன். ஐஸ் பேக்குக்குக் கீழே, இடுக்கில், எல்லா இடத்திலும். அதோடு விட்டிருந்தாலும் ஒருவேளை தப்பித்திருக்கும். ஜீப் நெரிசலில் எத்தனை நேரம் நிற்குமோ என்று யோசித்தேன். கல்லுப்பு இரண்டு கைப்பிடி அள்ளித் தூவினேன். உப்புச் சேர்ந்தால் ஐஸ் இன்னும் கீழே இறங்கும், குளிர் கடிக்கும். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் டப்பாவை இறக்கி ஐஸ் கட்டியே வயிறு வளர்த்தவனுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? மூடியை அழுத்திப் பூட்டினேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற சந்தோஷம் எனக்கு.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. நீ கையைத் துடைத்துக்கொண்டே வந்து பெட்டியைத் தூக்கினாய். "இன்னாது, கனமா கீது?" என்றாய்.

"துன்னுட்டு தூக்குனா அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். நீ சிரித்துக்கொண்டே ஓடினாய்.

மறுநாள் சாயங்காலம் பரிசோதனைக்கூடத்திலிருந்து போன் வந்ததாம். எல்லாக் குழாயிலும் ரத்தம் குளிரில் உறைந்து, செல்கள் வெடித்து, வெறும் சிவப்புத் தண்ணீராகிவிட்டது, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, திரும்ப எடுங்கள் என்றார்கள். நீ என் வாசலில் வந்து உட்கார்ந்து இதைச் சொன்னபோது எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. உப்பு ஐஸில் அளவுக்கு மீறிக் குளிர்ந்த மீன் கெட்டியாக இருக்கும், உருகினால் சதை கூழாகிவிடும். மீனுக்கு ஆவது ரத்தத்துக்கு ஆகாதா?

திரும்பி வந்த பெட்டியை என் வீட்டுக் குழாயடியில்தான் கழுவினாய். உட்சுவரில் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்து போயிருந்தது. கையுறை போட்ட விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாய். விரலில் பொரபொரவென்று ஒட்டியது. திண்ணமாக உனக்குத் தெரிந்திருக்கும், கடலோரத்தில் பிறந்தவளுக்கு உப்பு தெரியாதா? வழக்கமாக அண்ணாத்தே என்று கூப்பிடுகிறவள் அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"அண்ணே, பொட்டியத் தொறந்தியா?"

"நான் ஏன் தொறக்கப் போறேன்?"

"சரி" என்றாய். குழாயைத் திறந்து அந்தக் கோட்டை நீயே கழுவிவிட்டாய்.

ஏன் கழுவினாய், பிலோ? அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆபீசில் காட்டியிருந்தால் என்ன? அண்ணன் பெயர் வெளியே வரக்கூடாது என்றா? பெட்டியை விட்டுவிட்டு நகர்ந்தது உன் தப்பு என்றா? இல்லை, நானே வாயைத் திறந்து சொல்வேன் என்று காத்திருந்தாயா?

ஆபீசில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஐஸ் பேக்குகளை முறைப்படி பக்குவம் செய்யத் தவறிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தாய். பக்குவம் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. நீ போன பிறகு நித்யாவிடமிருந்த ஒரு சின்னக் கையேட்டில் படித்தேன். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே வைக்கக் கூடாதாம். வேர்க்கும்வரை வெளியில் வைத்து, ஆட்டினால் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டுமாம். உள்ளே இருப்பது உறைந்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நான் செத்த ஐஸ் என்று நினைத்தது நீ வேண்டுமென்றே, பொறுமையாகக் காத்திருந்து செய்த வேலை. உன் புத்தகத்தையெல்லாம் உனக்கு முன்னால் படித்தேன். இந்த நாலு பக்கக் கையேட்டைப் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு நாள். மறுபடி வீடு வீடாக ஏறினாய். கதவைத் திறக்காதவர்கள் உண்டு. முதலில் எடுத்ததற்குப் பதில் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. அது என்னிடம் கற்றுக்கொண்ட கேள்வி. என்ன காய்ச்சல் என்று தெரியாமல் கிளினிக்கில் ஆளுக்கொரு ஊசி போட்டார்கள். ராபினுக்கு உடம்பு வலி தாங்கவில்லை. வலி குறைய ஊசி போட்டுக்கொண்டான், மறுநாள் இன்னொன்று. காய்ச்சல் விட்டது. தேறிவிட்டான் என்று நினைத்தார்கள். அதன் பிறகு ஈறில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் போய்விட்டான்.

அடக்கத்துக்கு நீ வந்தாய். வராதே என்று உன் அண்ணி சொல்லியும் வந்தாய். சவப்பெட்டியருகில் நீ குனிந்தபோது ஆரோக்கியம் எழுந்து நின்றாள்.

"எம் புள்ள ரத்தத்த எடுத்துனு போயி நாசம் பண்ணவ வந்துட்டா பாருங்க."

நீ கையிலிருந்த பூவை வைத்துவிட்டுத் திரும்பினாய். கூட்டம் விலகி வழி விட்டது. அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன். என் கையில் மாலை இருந்தது. நானும் விலகி உனக்கு வழி விட்டேன்.

வேறெதை மறந்தாலும் அந்த விலகலை மறக்க முடியவில்லை.

அதற்கு மறுநாள், இரண்டாவது முறை நீ எடுத்த ரத்தத்தின் முடிவு வந்தது. டெங்கு. சாக்கடைத் தண்ணீரால் வருவதல்ல, கொசுவால் வருவது. நான் மனு எழுதித் தண்ணீரில் மருந்து கலக்க வைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் கொசு நிம்மதியாகப் பெருகியிருக்கிறது. டெங்கு என்று தெரிந்திருந்தால் அந்த வலி ஊசியைப் போட்டிருக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். போடாமல் இருந்தால் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருஷம் தூங்கினேன்.

நீ அழுதுகொண்டு உட்காரவில்லை. காலண்டர் தாளை விரித்தாய். சிவப்புப் புள்ளிகள் தெருவெங்கும் சிதறிக் கிடந்தன, ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் தொடர்பில்லை. இந்தக் கொசு பகலில் கடிப்பது, கடித்து ஒரு வாரம் போல் ஆகித்தான் காய்ச்சல் வரும் என்றாய். வீட்டை விட்டுவிட்டு ஆளைக் கேட்டாய். காய்ச்சல் கண்ட நாளுக்கு ஒரு வாரம் முன்னால் காலையில் எங்கே நின்றாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாய். ஞாபகமில்லை என்றவர்களிடம், லாஞ்சு என்றைக்கு ஐஸ் ஏற்றியது என்று கேட்டாய். அது யாருக்கும் மறக்காது. முக்கால்வாசிப் பேர் ஒரே கம்பெனி வாசலில், விடிந்ததிலிருந்து ஐஸுக்கு வரிசையில் நின்றவர்கள். நான் வேலை பார்த்த கம்பெனி.

"அண்ணே, என்னை உள்ள இட்டுனு போ" என்றாய். காவலாளி மறித்தான். என்னைத் தாண்டி எவன் மறிப்பான்? பின்பக்க முற்றத்தில் உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர். நீ டார்ச் அடித்துக் காட்டினாய். தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு நெளிந்தது. இத்தனை காலம் அந்த முற்றத்தில் உட்கார்ந்து பீடி குடித்தவன் நான், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அவற்றை அப்புறப்படுத்திய பிறகு புதுக் காய்ச்சல் மெல்லக் குறைந்தது.

தெருவில் கூட்டம் போட்டு அதிகாரிகள் பேசியபோது நீ எழுந்து, "எங்க அண்ணன் இல்லன்னா அந்த எடத்தக் கண்டுபுடிச்சிருக்க முடியாது" என்றாய். கை தட்டினார்கள். எனக்குத் துண்டு போர்த்தினார்கள். பிலோ, அதைத் தெரிந்தே சொன்னாயா? தண்டனையாகக் கொடுத்தாயா, பிரியமாகக் கொடுத்தாயா? இரண்டில் எதுவென்று தெரிந்தால் எனக்குப் போதும்.

அதன் பிறகும் மதியச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கு வந்தாய். பேச்சு குறையவில்லை, கேலி குறையவில்லை. பெட்டியை மட்டும் கட்டில் மேல் வைக்கவில்லை. உன் இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாய். குழம்பு ஊற்றிக்கொள்ள எழுந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் எழுவாய். அதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை நீயும் பார்த்தாய். அப்படியே இரண்டு பேரும் சாப்பிட்டு முடிப்போம்.

பிறகு மணலிக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாய். இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருநாள் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவில்லை. அன்றைக்கு எடுத்த ரத்தத்துக்கெல்லாம் பெயர் எழுதி முடித்திருந்தாய் என்றார்கள்.

உன் காரியம் முடிந்ததும் ஆபீசுக்குப் போனேன். மெமோ தப்பு, தப்பு செய்தவன் நான், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். கண்ணாடி போட்ட கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவரே, அந்தம்மா எறந்துட்டாங்க இல்ல? ஃபைல் மூடியாச்சு. செத்தவங்களுக்கு இன்னா மெமோ?"

"அவ செத்துட்டா. அவ பேரு சாவல. ஃபைலத் தொறங்க" என்றேன்.

"உங்க மேல நடவடிக்க எடுக்க நீங்க ஸ்டாஃபே கெடையாது."

அது என் பிரச்சினை இல்லை என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயங்காலம் கதவு சாத்துகிற நேரத்துக்கு மனுவில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறேன். வாரம் ஒருமுறை நித்யாவிடமும் போய், ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்லியாயிற்றா என்று கேட்கிறேன். "தாத்தா வந்துட்டாரு, லிஸ்ட எடு" என்று அவர்கள் சலித்துக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை. நீ கொடுத்த வாக்கு அது. நான்தானே கெடுத்தேன்.

ஆபீசுக்குச் சொல்வது சுலபம். மூன்று வருஷமாகத் தினமும் முகம் பார்க்கிற ஆரோக்கியத்திடம் சொல்வதுதான் முடியவில்லை. இது அச்சில் வந்து அவள் பிறர் வாயால் கேட்கக் கூடாது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் கடைக்குப் போனேன். வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாம் சொன்னேன். ஐஸ், உப்பு, நான் சொன்ன பொய், அடக்கத்தில் நான் விலகி நின்றது, ஒன்றையும் விடவில்லை. நான் முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. பிறகு கத்தியை வைத்தாள்.

"உப்பு போட்டா ரத்தம் கெட்டுப் பூடுமா?"

உறைந்து வெடித்துவிடும் என்றேன்.

"இத்த சொல்றதுக்கு மூணு வருசமா சவரிண்ணா?"

திட்டுவாள், மீன் கழுவின தண்ணீரை மேலே ஊற்றுவாள் என்று நினைத்தேன். ஊற்றியிருந்தால் தேவலை.

"ராபினுக்கு நீ பதில் சொல்ல வாணாம். அத்த மேல கீறவரு கேட்டுக்குவாரு" என்றாள். குரல் உயரவில்லை. "பிலோ சாவுக்கு நான் வர்ல. அவ பொட்டி எங்க வாசலத் தாண்டித்தான் போச்சு. நான் கதவ சாத்திக்கினு உள்ள குந்திகினு இருந்தேன். எம் புள்ளைக்கு அம்மை போட்டப்ப மூணு நாள் எங்கூட முழிச்சிகினு இருந்தவ அவ. அவளுக்கு நான் ஒரு பூ வெக்கல. அத்துக்கு இன்னா பண்ணப் போற நீ?"

பிலோ, எல்லாவற்றுக்கும் மனு எழுதத் தெரிந்தவன் நான், இதற்கு எந்த ஆபீசில் மனு கொடுப்பேன்? உன் பெயரை மட்டும்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவளிடமிருந்தும் உன்னை எடுத்துவிட்டேன் என்பது அந்தக் கடை வாசலில்தான் உறைத்தது.

கத்தியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டே அவள் சொன்னாள். "கல்லற திருநாளுக்கு நான் அவளாண்ட போவேன். நீ அங்க வராத. உம் மூஞ்சிய வச்சிகினு என்னால அவகிட்ட பேச முடியாது."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள் இது. கூடப்பிறந்தவன்தான் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து முதல் மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும். உனக்கு இருப்பவன் நான் ஒருவன். எதற்கும் விட்டுக்கொடுக்காதவன் என்று பெயரெடுத்தவன். இதை விட்டுக்கொடுக்கிறேன். முதல் நாள் போய் உன் கல்லறையைக் கழுவி வைப்பேன். பூ வைக்க மாட்டேன், மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டேன், இரண்டையும் அவளுக்கு விட்டு வைப்பேன். திருநாளன்று காலையிலிருந்து இருட்டும்வரை வீட்டை விட்டு வெளியே வர மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. அவள் அழுதால் அழட்டும், என்னைத் திட்டினால் நீயும் கூடச் சேர்ந்து திட்டு. எத்தனை நேரமானாலும் அவளோடு பேசி முடி. அண்ணன் ஏன் வரவில்லை என்று மட்டும் தேடாதே.

உன் கூடப்பிறந்தவன்,
சவரி அண்ணன்